உங்களுக்குத் தெரியுமா? கேன்சர் செல்லின் கில்லாடி வேலைகள்!

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் பீச் வண்டிக்காக நிற்கிறீர்களா? வண்டி வருவதற்குள் ஒரு கணக்கு! உங்கள் உடம்பில் இந்த நிமிஷம் எத்தனை நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன தெரியுமா? 1.8 லட்சம் கோடி! அத்தனையையும் அள்ளித் தராசில் வைத்தால் 1.2 கிலோ! இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்துக்காரர்கள் 2023-ல்தான் இதைக் கணக்குப் போட்டு முடித்தார்கள்!

அந்தக் கூட்டத்தில் நியூட்ரோஃபில் என்றொரு வெள்ளையணு. எலும்பு மஜ்ஜை தினம் தினம் சுமார் 10,000 கோடியைத் தயாரித்து அனுப்புகிறது! பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் ஒரு நாள்கூடக் கிடையாது!

இப்போது எதிரி முகாம். சுண்டைக்காய் சைஸில், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. உள்ளே சுமார் 100 கோடி கேன்சர் செல்கள்! கூட்டிக் கழித்துப் பாருங்கள். நம் பக்கம் 1,800 பேர் என்றால் அந்தப் பக்கம் ஒரே ஒருத்தர்! அப்படியும் அந்த ஒருத்தர் ஜெயிக்கிறாரே, எப்படி? மோதி ஜெயிப்பதில்லை. ஏமாற்றி, பட்டினி போட்டு, திருடி ஜெயிக்கிறார்!

டி செல் என்பது கேன்சரைக் கொல்லப் பிறந்த வெள்ளையணு. அதன் மேலேயே ஒரு பிரேக் இருக்கிறது. பெயர் பிடி-1. கேன்சர் செல் தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை முளைக்க வைத்து அந்த பிரேக்கை அமுக்கிவிடுகிறது. டி செல் பக்கத்தில் வரும். தொட்டும் பார்க்கும். கொல்லாமல் திரும்பிவிடும்!

இந்த பிரேக்கை 1992-ல் கண்டுபிடித்தது ஜப்பானில் கியோட்டோவில் தசுகு ஹொன்ஜோவின் குழு. அவர்கள் தேடியது வேறு. செல்கள் எப்படித் தானாகச் சாகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கையில் சிக்கியது இது! 26 வருஷம் கழித்து, 2018-ல் வீடு தேடி வந்தது நோபல்!

கட்டி இன்னும் ஒரு படி மேலே போகும். பிடி-எல்1 புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளில் அடைத்து ரத்தத்தில் மிதக்கவிடும்! டி செல் கட்டியிடம் வந்து சேரவே வேண்டாம். வழியிலேயே ஆள் அவுட்! பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதைப் பிடித்தது 2018-ல்!

மேக்ரோபேஜ் தெரியுமா? கிருமிகளையும் குப்பைகளையும் அப்படியே விழுங்கும் செல். கேன்சர் செல் அதைப் பார்த்ததும் சிடி47 என்ற புரதத்தைக் காட்டுகிறது. ‘என்னைத் தின்னாதே’ என்பது அதன் பொருள். மேக்ரோபேஜும் சொன்ன பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொள்கிறது!

வாயை மூடுவதோடு விட்டால் பரவாயில்லை. கட்சியே மாறிவிடுகிறது! கட்டிக்கு ரத்தக் குழாய் கட்டித் தருகிறது, பரவ வழி போட்டுத் தருகிறது. சில மார்பகக் கட்டிகளின் எடையில் பாதி வரைக்கும் இந்தக் கட்சி மாறிகள்தான்! அந்தக் கட்டிகளில் கையில் தட்டுப்படுவதில் பாதி வரை நம்ம ஆட்கள்!

நியூட்ரோஃபில் மட்டும் யோக்கியமா? ரத்தத்தில் அலையும் கேன்சர் செல்லுக்குத் துணையாக ஒட்டிக்கொண்டே போகிறதாம்! துணை கிடைத்த கேன்சர் செல், தனியாக அலையும் செல்லைவிட வேகமாகப் பெருகுகிறது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் 2019-ல் கையும் களவுமாகப் பிடித்தார்கள்!

எதிர்ப்புச் செல்களை அடக்கி வைப்பதற்கென்றே உடம்பில் ஒரு தனி டி செல் உண்டு. அது இல்லையென்றால் நம் படை நம்மையே தின்றுவிடும். கட்டி என்ன செய்கிறது? அந்த அடக்கும் செல்களைக் கூப்பிட்டுத் தன்னைச் சுற்றிக் காவல் வைத்துக்கொள்கிறது! இந்தச் செல்லை ஷிமோன் சகாகுச்சி நிரூபித்தது 1995-ல். ஆரம்பத்தில் நம்பியவர்கள் ரொம்பக் குறைவு. 2025-ல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல்!

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. மாறுவேடம்! ஒவ்வொரு செல்லும் தன் மேல் ஒரு அடையாளத்தைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் டி செல் நல்லவனா கெட்டவனா என்று முடிவு செய்யும். கேன்சர் செல் அடையாளத்தையே கழற்றி எறிந்துவிடுகிறது! டி செல்லுக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆனால் கேன்சருக்கும் ஆப்பு உண்டு! இயற்கைக் கொல்லி செல் என்று ஒன்று இருக்கிறது. அடையாளம் காட்டாதவனைத்தான் தேடித் தேடி அடிக்கும்! ஸ்வீடனில் கிளாஸ் கார்ரே 1986-ல் எலிகளில் காட்டிய வித்தை இது!

திருட்டுக்கு வருவோம். செல்லுக்கு சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. கேன்சர் செல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாயை டி செல்லுக்குள் செருகி, அந்த மைட்டோகாண்ட்ரியாவையே உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது! பாஸ்டனில் ஷிலாதித்ய சென்குப்தாவின் குழு 2021-ல் இதைப் படம் பிடித்தே காட்டியது. திருடியவன் தெம்பாகிறான், திருட்டுக் கொடுத்தவன் துவண்டு போகிறான்!

2025 ஜனவரியில் ஜப்பானிலிருந்து இன்னொரு அதிர்ச்சி. கேன்சர் செல் தன்னிடம் உள்ள பழுதான மைட்டோகாண்ட்ரியாவை டி செல்லுக்குள் தள்ளிவிடுகிறதாம்! நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதைக் கொடுக்கிற வியாபாரம். பழைய பாத்திரக்காரரிடம்கூட இப்படி ஏமாந்ததில்லை!

பட்டினி போடுவதில் கேன்சரை அடிக்க ஆளில்லை. கட்டி சர்க்கரையைக் குடம் குடமாகக் குடிக்கும் என்று ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே சொல்லிவிட்டார். இன்றைக்கு பெட் ஸ்கேன் எடுக்கிறோமே, கட்டி எங்கே இருக்கிறது என்று அது காட்டுவது இந்தச் சர்க்கரைப் பேராசையை வைத்துத்தான்! பக்கத்தில் நிற்கும் டி செல்லுக்கு மிச்சம் மீதி கிடைப்பதில்லை. 2015-ல் நிரூபணமாகிவிட்டது!

குடித்த சர்க்கரைக்குப் பதிலாகக் கட்டி வெளியே தள்ளுவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்! அந்தப் புளிப்பில் டி செல்லும் கொல்லி செல்லும் மந்தமாகிவிடுகின்றன!

செத்த கேன்சர் செல்கூட சும்மா இருப்பதில்லை. உடையும்போது உள்ளே இருக்கும் பொட்டாசியத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. அந்தப் பொட்டாசியம் பட்டால் டி செல் செயலிழக்கிறது. செத்தும் கெடுத்தான் கதை! கண்டுபிடித்த ஆண்டு 2016!

கருவில் இருக்கும் குழந்தையின் ஜீன்களில் பாதி அப்பாவுடையவை. அப்படிப் பார்த்தால் அம்மாவின் எதிர்ப்புச் செல்களுக்கு அது அந்நியன். ஏன் தாக்குவதில்லை? டிரிப்டோஃபான் என்ற சத்தை உறிஞ்சி, டி செல்களைப் பட்டினி போட்டு, நஞ்சுக்கொடி அடக்கி வைக்கிறது! 1998-ல் எலிகளில் தெரிந்தது. அதே வித்தையைத்தான் கேன்சர் காப்பி அடிக்கிறது!

டி செல் ஆத்திரத்தோடு பாய்ந்து வந்தால்? ஒரு கேன்சர் செல் இன்னொரு கேன்சர் செல்லின் வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது! வெளியே இருப்பது சாகும். ஆபத்து போனதும் உள்ளே இருந்தது வெளியே வரும்! டெல் அவிவ் பல்கலைக்கழகம், 2022!

கேன்சர் செல் ஏன் மெத்தென்று இருக்கிறது தெரியுமா? டி செல் எதிரியின் தோலில் ஓட்டை போட்டுத்தான் கொல்லும். மெத்தென்ற தோலில் ஓட்டை சரியாக விழாது! அந்தத் தோலிலிருந்து கொலஸ்ட்ராலைக் கழித்தால் செல் விறைப்பாகிறது, ஓட்டை சுலபமாக விழுகிறது! 2021-ல் எலிகளில் செய்து பார்த்தாயிற்று!

இத்தனையும் தாங்கி மாதக்கணக்கில் போராடும் டி செல் கடைசியில் சோர்ந்து உட்கார்ந்துவிடும். உயிர் இருக்கும், வேலை ஓடாது. செத்த பாம்பு என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிரேக்கை எடுத்துவிட்டால் அது மறுபடி எழும் என்று 2006-ல் எலிகளில் காட்டியது ரஃபி அகமதுவின் குழு. அவர் ஹைதராபாத்தில் பிறந்தவர்!

மூச்சு வாங்குங்கள். வண்டி வந்துவிட்டது, ஏறுங்கள்! இந்த ரயில் பாதையிலேயே விஷயம் கொட்டிக் கிடக்கிறது!

தாம்பரம் தாண்டியதும் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் அந்த ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்தது! இன்று எச்ஐவி சிகிச்சையில் நாட்டின் பெரிய மையங்களில் அதுவும் ஒன்று. எச்ஐவிக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்? எச்ஐவி டி செல்களைத் தின்றுவிடும். காவல் போனால் கேன்சர் உள்ளே வரும். எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து 6 மடங்கு!

இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்ததும் நம்ம சென்னைதான்! 1986. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். ரத்த மாதிரிகளைப் பரிசோதித்த இடம் வேலூர் சிஎம்சி!

எதிர்ப்புச் செல்கள் காலியானால் என்னவெல்லாம் நடக்கும்? கொலம்பியாவில் எச்ஐவி இருந்த 41 வயதுக்காரர் ஒருவருக்கு உடம்பெல்லாம் கட்டி. எடுத்துச் சோதித்தால் மனித செல்லே இல்லை. அவர் வயிற்றில் இருந்த நாடாப்புழுவுக்கு வந்த கேன்சர் அது! புழுவின் கேன்சர் மனிதனுக்குள் பரவியிருக்கிறது! 2015!

கிண்டியில் இறங்கினால் பிசிஜி தடுப்பூசி ஆய்வகம், 1948-லிருந்து! உங்கள் தோளில் இருக்கும் அந்தத் தழும்பின் பூர்வீகம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் பிசிஜி கேன்சருக்கும் மருந்து என்பது உங்களுக்குத் தெரியுமா? சிறுநீர்ப்பைக்குள் அதைச் செலுத்தினால் எதிர்ப்புச் செல்கள் கிருமி வந்துவிட்டது என்று பாய்ந்து வந்து, பக்கத்தில் இருக்கும் கேன்சரையும் சேர்த்து அடிக்கின்றன! கனடாவில் ஆல்வாரோ மொராலஸ் 1976-ல் வெளியிட்டபோது அவர் கையில் இருந்தது வெறும் 9 நோயாளிகள்!

பிசிஜி பிறந்த கதை அதைவிட அமர்க்களம். கால்மெட், கெரின் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை, மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள்! மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது உருளைக்கிழங்குக்கு மாற்றினார்கள். 1908-ல் ஆரம்பித்து 1921 வரை. மொத்தம் 230 தடவை! கிருமிக்கு விஷம் போயே போய்விட்டது!

இந்த ஊசியை எதிர்த்து 1955-ல் தனியாக ஒரு சிறுநூலே வெளியிட்டவர் யார் தெரியுமா? ராஜாஜி!

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனை நம்ம மாவட்டத்தில்தான், 1968-ல் தொடங்கியது! திருவள்ளூர்ப் பக்கமெல்லாம் அப்போது செங்கல்பட்டோடுதான் இருந்தது. சோதனை நடந்த பகுதியின் மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல்! 15 வருஷம் விடாமல் கவனித்தார்கள். முடிவு? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவே இல்லை! எதற்காகச் செய்தார்களோ அதில் தோற்றது, சிறுநீர்ப்பைக் கேன்சரில் இன்றைக்கும் ராஜா!

கிண்டியிலிருந்து ஒரு எட்டு எடுத்து வைத்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கினார். எத்தனை படுக்கைகளோடு? 12! அங்கே 1955-ல் சேர்ந்து 2021-ல் மறையும் வரை அதையே வீடாக்கிக்கொண்டவர் டாக்டர் சாந்தா. நோபல் பெற்ற எஸ்.சந்திரசேகர் அவருக்கு மாமா, நோபல் பெற்ற சர் சி.வி.ராமன் அவர் தாத்தாவின் தம்பி! ஒரே குடும்பம்!

முத்துலட்சுமி அம்மையார் அந்த மருத்துவமனைக்காக அலைந்ததற்குக் காரணம் அவருடைய தங்கை. 1923-ல் மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். நோயைச் சீதபேதி என்று தவறாகக் கணித்திருந்தார்கள். இப்போது 2022-க்கு வாருங்கள். நியூயார்க்கில் குறிப்பிட்ட ஒரு மரபணுக் கோளாறால் வந்த மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டி செல் பிரேக்கை எடுத்துவிடும் மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷன் இல்லை, கதிர்வீச்சு இல்லை. 12 பேருக்கும் கட்டி காணோம்! 2025-ல் அந்தக் கணக்கு 49-க்கு 49!

அந்த நியூயார்க் மருத்துவமனையின் பெயர் ஸ்லோன் கெட்டரிங். எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? இருக்காதா பின்னே! 1968-ல் அறிஞர் அண்ணா உணவுக்குழாய் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டது அங்கேதான்! திரும்பி வந்தார், ‘தமிழ்நாடு’ பெயர் சூட்டும் விழாவையும் பார்த்தார், 1969 பிப்ரவரி 3-ல் போய்விட்டார். அந்த வகைக் கேன்சருக்கு, ஆபரேஷனுக்குப் பின் கொடுக்க பிரேக்கை எடுக்கும் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2021-ல்! காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு இன்று அண்ணாவின் பெயர்!

அதே நியூயார்க்கில் 1891-லேயே ஒரு பைத்தியக்கார வேலை நடந்திருக்கிறது! வில்லியம் கோலி என்ற இளம் டாக்டர், கேன்சர் நோயாளிக்கு வேண்டுமென்றே கிருமியைக் குத்தினார். கடும் காய்ச்சல். கட்டி கரைந்தது! எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொண்டதுதான் காரணம் என்பது பிற்பாடுதான் புரிந்தது!

1968-ல் இன்னொரு இளம் டாக்டர், ஸ்டீவன் ரோசன்பர்க். பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். பழைய ஃபைலைப் புரட்டினால், 12 வருஷத்துக்கு முன் வயிற்றுக் கேன்சர் முற்றி, பிழைக்க மாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்! உள்ளே பார்த்தால் கேன்சரே இல்லை! அசந்துபோன ரோசன்பர்க் அவருடைய ரத்தத்தை எடுத்து இன்னொரு கேன்சர் நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஆனால் மனிதர் விடவில்லையே! கட்டிக்குள் இருக்கும் டி செல்களை எடுத்து, வெளியே பெருக்கி, திரும்பச் செலுத்தும் சிகிச்சை அவர் வழியில் வந்ததுதான். அந்த வகையில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2024 பிப்ரவரியில். 56 வருஷம்!

டென்ட்ரிடிக் செல் என்று ஒன்று. எதிரி எப்படி இருப்பான் என்று டி செல்லுக்குப் பாடம் நடத்தும் வாத்தியார்! கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இதைத் தடுப்பூசியாக்கி நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்த சோதனை நடந்த ஊர் எது? பாஸ்டன் இல்லை, டோக்கியோ இல்லை. நம்ம அடையாறு! 2014-ல் வெளியான ஆய்வு!

இந்தச் செல்லை 1973-ல் கண்டுபிடித்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன். அவருக்கே கணையப் புற்றுநோய் வந்தது. தன் கண்டுபிடிப்பைத் தன் மேலேயே சோதித்துக்கொண்டார்! நாலரை வருஷம் தாக்குப்பிடித்தார். 2011 செப்டம்பர் 30-ல் இறந்தார். அக்டோபர் 3-ல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். இறந்த செய்தி கமிட்டிக்கே தெரியாது! இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது விதி. தெரியாமல் கொடுத்ததைத் திரும்ப வாங்கவில்லை!

இப்போது நம்ம தெருவுக்கு! நந்திவரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை திரியும் தெருநாய்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாய்களுக்கு இணை சேரும்போது தொற்றும் ஒரு கேன்சர் உண்டு. கிருமி தொற்றுவதில்லை. கேன்சர் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவுகிறது! உலகம் பூராவும் உள்ள இந்தக் கட்டிகள் எல்லாம் ஒரே ஒரு நாயின் செல்களிலிருந்து வந்தவை. அந்த நாய் செத்து 4,000 முதல் 8,500 வருஷம் ஆகிறது! அதன் கேன்சர் இன்னும் சாகவில்லை!

அந்நிய நாயின் செல்லை எதிர்ப்புச் செல்கள் ஏன் விடுகின்றன? அதே அடையாளம் கழற்றும் வித்தை! அப்புறம் வருகிறது வின்கிரிஸ்டின் ஊசி. கால்நடை மருத்துவர்களுக்கு இது சர்வசாதாரணம். வாரம் ஒன்றாகச் சில ஊசிகளில் கட்டி மாயம்! மருந்து அடித்ததும் நாயின் எதிர்ப்புச் செல்கள் விழித்து மிச்சத்தை முடிப்பது 2018-ல் தெரிந்தது. மருந்து எதிலிருந்து? உங்கள் வீட்டுத் தொட்டியில் கேட்பாரற்றுப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து! தென் மாவட்டங்களில் இதை ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் இதே மருந்துதான்! (இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்!)

டாஸ்மேனியாவில் டெவில் என்றொரு விலங்கு. ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடிக்கும்போது முகத்தில் கேன்சர் தொற்றும்! 1996-ல் முதலில் பார்த்தார்கள். அங்கேயும் அடையாளத்தைக் கழற்றும் அதே பழைய தந்திரம்!

மனிதர்களில்? 2021-ல் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி. பிரசவத்தின்போது தாயின் கர்ப்பப்பை வாய்ப் புற்று செல்களை மூச்சோடு இழுத்துக்கொண்ட இரண்டு ஆண் குழந்தைகளுக்கு நுரையீரலில் கேன்சர்! அதில் ஒரு பையனுக்கு பிரேக்கை எடுக்கும் மருந்து கொடுத்தார்கள். கட்டி சுருங்கியே போனது!

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து 16 வருஷம் ஆன ஒருவரின் சிறுநீரகங்களை இரண்டு பேருக்குப் பொருத்தினார்கள். இரண்டு பேருக்கும் மெலனோமா! 16 வருஷமும் அவருடைய எதிர்ப்புச் செல்கள் கேன்சரைத் தூங்க வைத்திருந்தன. எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிட்ட புது உடம்பில் அது விழித்துக்கொண்டது! பிரிட்டனில் 2003-ல் வெளிவந்த செய்தி!

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. டி செல்களின் பள்ளிக்கூடம். வயது வந்ததும் சுருங்கிக் கொழுப்பாகிவிடும், வேண்டாத உறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 2023-ல் ஒரு அமெரிக்க ஆய்வு பார்த்தால், அதை எடுத்துவிட்ட பெரியவர்களுக்கு அடுத்த ஐந்து வருஷத்தில் கேன்சர் ஆபத்து 2 மடங்கு!

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 90 வயதில் கேன்சர் மூளைக்கே போய்விட்டது. 2015 ஆகஸ்ட். பிரேக்கை எடுக்கும் மருந்து ஏற்றினார்கள். டிசம்பரில் கேன்சர் இல்லை! அப்புறம் எத்தனை வயது வரை இருந்தார்? 100!

பிரேக்கை எடுத்தால் டி செல்கள் சில சமயம் நம்மையும் பதம் பார்க்கும். தைராய்டு, குடல், தோல் எல்லாம் அடிவாங்கும். மெலனோமா நோயாளிக்குத் தோலில் வெண்திட்டு விழுந்தால் டாக்டர்கள் உள்ளூரச் சந்தோஷப்படுகிறார்கள். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்!

ஹொன்ஜோவோடு நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜேம்ஸ் அலிசன் ஒரு மவுத் ஆர்கன் கலைஞர்! கேன்சர் எதிர்ப்பு விஞ்ஞானிகளே சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறார்கள். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே அம்மாவைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர். மனைவி பத்மினி சர்மா, அவரும் இதே துறையில் பெரிய கை, கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளி!

குடல் பாக்டீரியாவுக்கும் டி செல்லுக்கும் ரகசியத் தொடர்பு! மருந்து பலிக்காத மெலனோமா நோயாளிகளின் குடலுக்குள், மருந்து பலித்த நோயாளிகளின் மலத்தைச் செலுத்தினார்கள். முகம் சுளிக்காதீர்கள், சிலருக்குக் கட்டி சுருங்க ஆரம்பித்துவிட்டது! 2021, ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில்!

டிரிப்ஸ் ஏற்றும் நேரமும் முக்கியமாம்! சீனாவில் 210 நுரையீரல் கேன்சர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மணிக்கு முன்னால் மருந்து ஏற்றியவர்களுக்கு நோய் 11.3 மாதம் அடங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஏற்றியவர்களுக்கு 5.7! மருந்து ஒன்றேதான், கடிகாரம்தான் வேறு. ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் மூன்று மணி ஆகிவிடுமே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது!

கொரோனா ஊசி போட்டுக்கொண்டீர்களா? நம்மூரில் பரவலாகப் போட்டதில்லை, எம்ஆர்என்ஏ வகை. சிகிச்சை தொடங்கியதை ஒட்டி 100 நாளுக்குள் அதைப் போட்டுக்கொண்ட அமெரிக்க நுரையீரல் கேன்சர் நோயாளிகள் வாழ்ந்த காலம், பழைய பதிவேடுகளின்படி, 20.6 மாதத்திலிருந்து 37.3 மாதம்! தூங்கும் எதிர்ப்புச் செல்களை ஊசி உசுப்பிவிட்டதாம். 2025 அக்டோபர் செய்தி!

டி செல்லை வெளியே எடுத்து, புது ஜீனைப் பொருத்தி, கேன்சரைத் தேடிக் கொல்லப் பழக்கி, திரும்ப உடம்புக்குள் விடுவது கார்-டி சிகிச்சை. 2012-ல் இதைப் பெற்ற முதல் குழந்தை எமிலி வைட்ஹெட். செல்கள் வேலையைத் தொடங்கியதும் காய்ச்சல் எகிறி உயிர் ஊசலாடியது. காப்பாற்றியது எது? மூட்டுவாத மருந்து! டாக்டர் கார்ல் ஜூனுக்கு அந்த மருந்து எப்படித் தெரியும்? அவருடைய மகளுக்கு மூட்டுவாதம்!

2010-ல் இந்தச் செல்களைப் பெற்ற டக் ஓல்சனைப் பத்து வருஷம் கழித்துச் சோதித்தார்கள். செல்கள் இன்னமும் ரத்தத்தில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தன!

அமெரிக்காவில் இதற்கு மூன்று, நான்கு கோடி ரூபாய். மும்பை ஐஐடியும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து இங்கேயே செய்துவிட்டன! பெயர் நெக்ஸ்கார்19. 2023 அக்டோபரில் அனுமதி. 2024 ஏப்ரல் 4-ல் ஜனாதிபதி திரௌபதி முர்மு நாட்டுக்கு அர்ப்பணித்தார். விலை சுமார் பத்தில் ஒரு பங்கு!

வேலூர் சிஎம்சி சும்மா இருக்குமா? கம்பெனிக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே செல்களைத் தயாரித்தார்கள். எத்தனை நாளில்? ஒன்பதே நாளில்! 2025-ல் வெளியான முடிவு: 10 நோயாளிகளில் 80 சதவீதம் பேருக்கு 15 மாதம் கழித்தும் கேன்சர் இல்லை!

கடைசியாக, எனக்குப் பெருமை தாங்காத ஒன்று. டி செல்லின் பிரேக்கை எடுக்கும் கீட்ருடா 2024-ல் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 2,950 கோடி டாலர்! நம் நாட்டில் இந்த வகை மருந்து தேவைப்படுவோரில் வாங்க முடிந்தவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. மும்பை டாடா மருத்துவமனை டாக்டர்கள் ஒரு துணிச்சல் வேலை பார்த்தார்கள். அவர்கள் எடுத்தது இதே வகையில் இன்னொரு மருந்து. அதன் வழக்கமான அளவு 240 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது வெறும் 20! வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய 151 பேரில் பாதிப் பேருக்கு. இந்தச் சொட்டு மருந்து கிடைக்காதவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16.3 சதவீதம். கிடைத்தவர்களில்? 43.4!